நிலத்தடி நீரின் வழியைக் காட்டும் எச்சங்கள்

வயலில் இடப்படும் உரமும் களைக்கொல்லியும் முழுமையாகப் பயன்பட்டுவிடுவதில்லை. எஞ்சும் பகுதி மழைநீருடனும் பாசன நீருடனும் மண்ணுக்குள் இறங்குகிறது. இந்த எச்சம் குடிநீருக்குக் கேடு விளைவிப்பது. ஆயினும், கண்ணுக்குப் புலனாகாத நிலத்தடி நீர் எவ்வாறு இயங்குகிறது என்பதை உணர்த்தும் அடையாளமும் அதுவே.

களைக்கொல்லி உணர்த்துவது

மக்காச்சோளம், கரும்பு ஆகிய பயிர்களில் பயன்படும் அட்ரசின் என்னும் களைக்கொல்லி இயற்கையில் இல்லாதது. கிணற்று நீரில் அது காணப்பட்டால், அந்நீரில் ஒரு பகுதியேனும் அம்மருந்து புழக்கத்திற்கு வந்த பின்னர் நிலத்தில் இறங்கியதாகும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அட்ரசினைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. சிதைவுப் பொருள் மிகுந்திருந்தால் நீர் மண்ணினூடே மெதுவாக இறங்கியது எனவும், குறைந்திருந்தால் வெடிப்புகளின் வழியே விரைந்து இறங்கியது எனவும் பொதுவாகக் கருதலாம்.

ஆனால், களைக்கொல்லி மண்ணில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. அது காணப்படவில்லை என்பதால் நீர் இறங்கவில்லை என்று முடிவு செய்ய இயலாது. உரத்தின் எச்சங்களான நைட்ரேட்டும் குளோரைடும் பெரும்பாலும் நீருடனேயே செல்வதால் இக்குறையை ஈடு செய்கின்றன.

பேரம்பாடி ஆய்வு

மைசூருவிலிருந்து உதகை செல்லும் சாலையில் உள்ளது குண்டலுப்பேட்டை. முன்னர் மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வட்டம் 1997-ல் சாமராஜநகர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. இங்கு, கபினி ஆற்றுப் படுகையில், 84 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பேரம்பாடி நீர்ப்பிடிப்புப் பகுதியில் இந்திய அறிவியல் கழகமும் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனங்களும் இணைந்து ஆய்வு நடத்தி வந்துள்ளன. 200-க்கும் மேற்பட்ட ஆழ்துளைக் கிணறுகளில் லிட்டருக்கு 1 முதல் 360 மில்லிகிராம் வரை நைட்ரேட் இருந்ததாக 2017-ல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் அளவு 45 மில்லிகிராம் மட்டுமே.

அருகருகே உள்ள கிணறுகளுக்கிடையே இத்துணை வேறுபாடு ஏன்? நீர்மட்டம் 30 முதல் 60 மீட்டர் ஆழத்திற்குத் தாழ்ந்து, பக்கவாட்டு ஓட்டமும் நின்றுவிட்ட இடங்களிலேயே நைட்ரேட் குவிந்திருந்தது. அங்கு, இறைத்த நீர் வயலில் பாய்ந்து, எச்சங்களுடன் அதே கிணற்றடிக்குத் திரும்புகிறது. பக்கவாட்டு ஓட்டம் உள்ள இடங்களில் இச்செறிவு மிதமாக இருந்தது. நீர்மட்டம் மேலாக இருந்து, இருப்பும் மிகுந்திருந்த இடங்களில் குறைவாக இருந்தது. ஆகவே, நீரின் தரக்கேடும் பற்றாக்குறையும் வெவ்வேறு பிரச்சினைகள் அல்ல.

பொருளாதாரப் படிப்பினை

லிட்டருக்கு 100 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள நீரை ஒரு ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் அளவிற்குப் பாய்ச்சுவதாகக் கொள்வோம். அது 10 லட்சம் லிட்டர் நீர். அதில் அடங்கியுள்ள நைட்ரேட் 100 கிலோ. அதிலுள்ள தழைச்சத்து ஏறத்தாழ 22 கிலோ. இதனைக் கணக்கில் கொள்ளாமல் வழக்கமான அளவு உரமிடும் விவசாயி, தம் கிணற்று நீரிலேயே உள்ள சத்துக்கு மீண்டும் விலை கொடுக்கிறார். அவருடைய குடும்பமும் அண்டை வீட்டாரும் அந்நீரையே குடிக்க நேரும்போது இழப்பு பணத்துடன் நிற்பதில்லை.

மண் பரிசோதனையுடன் கிணற்று நீர்ப் பரிசோதனையையும் இணைத்து உர அளவைப் பரிந்துரைப்பது எளிதில் செய்யக்கூடியது. நீர்மட்ட வரைபடத்தைக் கொண்டு பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய பகுதிகளை முன்கூட்டியே இனங்காணவும் இயலும். வேளாண்மை, நிலத்தடி நீர், குடிநீர் வழங்கல் ஆகிய துறைகள் தத்தம் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தாலன்றி இப்பணி நிறைவேறாது.