வேலைக்குப் போனவர் மையத்தாக வந்தால்

நுரைச்சோலை மின்நிலையம், பாலாவி உப்பளங்கள், முந்தல் பக்கத்து இறால் பண்ணைகள், கற்பிட்டியில் சங்குக்கும் கடலட்டைக்கும் குளிப்பவர்கள், சிலாபத்துப் பலநாள் படகுகள். புத்தளம் கரையோரத்தில் சோறு போடும் வேலைகள் பலவும் ஆளைக் கொல்லக்கூடியவை. அப்படி ஒரு மரணம் நடந்த வீட்டில் அடக்கத்துக்கு முன்பே இரண்டு கடதாசிகள் நீட்டப்படும். ஒன்று பொலிஸ் வாக்குமூலம். மற்றது முதலாளியின் ஆள் காசுடன் கொண்டுவரும் தாள். பின்னால் வரப்போகும் வழக்கின் பாதி அந்த இரண்டு கையெழுத்துகளிலேயே முடிந்துவிடுகிறது.

முதலில் வாக்குமூலம். "எங்களுக்கு யார் மேலும் சந்தேகம் இல்லை, மையத்தைத் தந்துவிடுங்கள்" என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்ற நியாயமான பதற்றம் அது. கத்தோலிக்க வீடுகளிலும் பிள்ளையை வெட்ட விடமாட்டோம் என்று தாய்மார் அழுவார்கள். ஆனால் இறால் தொட்டி மோட்டாரில் கரண்ட் அடித்துச் செத்தவரை, பிரேத பரிசோதனை ஒழுங்காக நடக்காவிட்டால், மாரடைப்பில் செத்தவர் என்று பிறகு வாதாட இடமுண்டு. ஆகவே பரிசோதனையைத் தடுக்காதீர்கள். விரைவாகச் செய்து தரும்படி கேளுங்கள். திடீர் மரண விசாரணை அதிகாரி முன் பேசும்போது சந்தேகம் இல்லை என்பதை விட்டுவிட்டு, தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்: என்ன வேலை, யார் ஏவியது, என்ன கருவி, கூட நின்றவர் யார். பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தையும் விசாரணை அறிக்கையின் அத்தாட்சிப் பிரதியையும் வாங்கி வையுங்கள். இயந்திரத்தையும் வயரையும் யாராவது கழற்றுவதற்குள் போனில் படம் பிடித்துவிடுவது நல்லது.

அடுத்தது முதலாளியின் தாள். இங்கேதான் ஏமாறுகிறோம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின்படி, வேலையில் ஏற்பட்ட விபத்தால் ஒருவர் இறந்தால் முதலாளி நட்டஈட்டை நட்டஈட்டு ஆணையாளரிடம்தான் கட்ட வேண்டும். அங்கே கட்டாமல் குடும்பத்தின் கையில் திணித்துவிட்டுக் கணக்குத் தீர்ந்தது என்று அவர் சொல்ல முடியாது. அடக்கச் செலவுக்குத் தருகிறாரா, வாங்கிக்கொள்ளுங்கள். அதை மானக்குறைவாக நினைக்க வேண்டியதில்லை. "முழுவதும் பெற்றுக்கொண்டோம், இனி உரிமை கோரமாட்டோம்" என்று எழுதிய தாளில் மட்டும் கைநாட்டு வைக்காதீர்கள். சிங்களத்தில் எழுதியிருந்து வாசிக்கத் தெரியாவிட்டால் ஒருபோதும் வேண்டாம்.

இந்தச் சட்டத்தில் முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. மரணம் வேலையோடு சேர்ந்து வந்தது என்று காட்டினால் போதும். 2022 திருத்தத்துக்குப் பிறகு உச்சத் தொகை 20 இலட்சம் ரூபா. வேலைக்குப் போகும் வரும் வழியில் நடக்கும் விபத்தும் இப்போது இதற்குள் வருகிறது. கோரிக்கைக்குக் காலம் இரண்டு வருடம். மின்நிலையத்திலோ சீமெந்து ஆலையிலோ ஒப்பந்தக்காரரின் ஆளாக வேலை செய்தவர் என்றால், ஒப்பந்தக்காரரைத் தேடி அலைவதோடு நிற்காதீர்கள். தன் தொழிலின் வேலையைக் கொந்தராத்துக்கு விட்ட பெரிய நிறுவனத்திடமும் கேட்க முடியும்.

கடல் தொழிலில்தான் சிக்கல். பங்குக்குப் போகிறவரை "அவர் என் வேலையாள் அல்ல, பங்காளி" என்று சம்மாட்டி சொல்லுவார். படகு யாருடையது, முற்பணம் கொடுத்தது யார், எப்போது போவது எப்போது திரும்புவது என்று தீர்மானித்தது யார் என்பவை அந்த வாதத்தை உடைக்க உதவும். முற்பணக் கொப்பியைக் கரையிலேயே விட்டுவிடாதீர்கள். அதுதான் உங்கள் நியமனக் கடிதம்.

ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, ஐந்து வருடம் வேலை செய்திருந்தால் பணிக்கொடை ஆகியவை நட்டஈடு அல்ல, இறந்தவர் சம்பாதித்த காசு. எந்த வழக்கும் இல்லாமலே கேட்கலாம்: நம்பிக்கை நிதியை அதன் சபையிடம், மற்றவற்றைத் தொழில் அலுவலகத்தில். வெளிநாட்டில் இறந்திருந்தால் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்குப் பேசி, பதிவோடு வந்த காப்புறுதியைக் கேளுங்கள்.

கவனக்குறைவு தெளிவாகத் தெரிந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குப் போடலாம். இதற்கும் இரண்டு வருடம்தான். முன்பு இந்த வழியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஒரு சிறுமியின் மரணம் தொடர்பான வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம், நம் ரோமன்-டச்சுச் சட்டப்படி பணநட்டத்துக்கே ஈடு உண்டு, பிள்ளையை இழந்த துயருக்கு இல்லை என்றது. உழைக்காத பிள்ளையின் உயிருக்குச் சட்டத்தில் ஏறக்குறைய விலையே இல்லை என்றாகியது. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு அன்பையும் துணையையும் இழந்ததற்கும் குடும்பத்தார் கேட்கலாம். ஆனால் ஆணையாளரிடம் போவது சிவில் வழக்குக்குத் தடையாகலாம், சிவில் வழக்கு ஆணையாளர் வழிக்குத் தடையாகலாம். மனு எழுதும் முன்பே சட்டத்தரணியிடம் இதைக் கேட்டுவிடுங்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்காகத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் பொலிஸ் தொடுக்கும் வழக்கு வேறு. அதில் குற்றவாளிக்கு ஐந்து வருடம்வரை சிறை கிடைக்கலாம். அதை நம்பி நட்டஈட்டை மறந்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அரசின் கையால் உயிர் போனால் கடிகாரம் வேகமாக ஓடும். 2012 பெப்ரவரி 15 அன்று எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துச் சிலாபத்தில் இறங்கிய மீனவர்கள் மீது சுட்டதில் ஒருவர் இறந்தார். இப்படிப்பட்ட மரணத்துக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். செத்தவருக்காக மனைவி வழக்காட முடியுமா என்ற கேள்விக்கு, பயாகல பொலிஸ் காவலில் ஒருவர் இறந்த வழக்கில் 2003இலேயே முடியும் என்று அந்த நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

நம் பகுதியில் இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. கணவனை இழந்த முஸ்லிம் பெண் வீட்டோடு இருக்கும் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். சட்டம் தரும் ஒரு மாதம் முழுவதும் அதற்குள் போய்விடுகிறது. பெண் வீட்டை விட்டு வர முடியாது என்று ஆண்கள் காத்திருந்தால் வழக்கு செத்துவிடும். சட்டத்தரணியை வீட்டுக்கு வரச்சொல்லிச் சத்தியக்கடதாசியில் கையெழுத்து வாங்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த மாதத்துக்குள் முறைப்பாடு அனுப்பினால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. கடிதம் போட்டதோடு விடாமல், விசாரணை நடக்கிறது என்பதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். அது இல்லாமல் போய்த் தோற்றவர்கள் இருக்கிறார்கள்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். வருமானச் சான்றுக்குக் கிராம உத்தியோகத்தரிடம் முதலிலேயே போய்விடுங்கள்.

இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். உங்கள் சேமலாப நிதி இலக்கம் மனைவிக்குத் தெரியுமா? பின்னுரித்தாளராக யார் பெயர் எழுதியிருக்கிறது? கலியாணத்துக்கு முன் எழுதிக்கொடுத்த பெயர் இன்னும் அங்கேயே கிடந்தால், இந்தக் கிழமையே தொழில் அலுவலகத்துக்குப் போய் மாற்றிவிடுங்கள்.