திறக்கும் அறை, மூடும் அறை

அன்புள்ள தம்பிக்கு,

திருவனந்தபுரத்தில் நீ புதுப்பிக்கும் சாஸ்தமங்கலத்து வீட்டைக் குளிர்விக்க மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது, எதை எடுக்கச் சொல்லலாம் என்று கேட்டிருந்தாய். ஒன்று, வீடு முழுக்க டக்ட் ஓடும் ஏசி. இன்னொன்று, நாலு படுக்கையறைக்கும் ஒன்றரை டன் ஸ்பிலிட். மூன்றாவது, மண்ணுக்குள் குழாய் புதைத்து அதன் வழியே காற்றைக் குளிர்வித்து எடுக்கும் ஏற்பாடு. மூன்றையும் கொஞ்ச நாள் அலமாரியில் போட்டுவை. எந்த இயந்திரம் என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் வீட்டுக்காரரை உட்கார வைத்து, எந்த அறை திறந்தே கிடக்கப் போகிறது, எந்த அறையை மூடப் போகிறார் என்று அறை அறையாகக் கேட்டு எழுதி வாங்கு. இந்த ஊரில் கெட்டுப்போகிற வீடுகள் எல்லாம் இரண்டுங்கெட்டான் அறைகளால்தான் கெடுகின்றன. பகலில் திறந்து போட்டு, இரவில் மூடி ஏசி ஓட்டி, ஜன்னல் இடுக்கில் பாதிக் குளிர் வெளியேறி, சுவரில் பூஞ்சை பிடித்து, கரண்ட் பில்லும் எகிறும்.

சூடேற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை, அதோடு அதை விட்டுவிடலாம். இங்கே குளிர்காலம் என்றால் டிசம்பர், ஜனவரி விடிகாலையில் இருபத்திரண்டு டிகிரி. சூடு தேவைப்படுவது குளிக்கிற தண்ணீருக்குத்தான். சோலார் ஹீட்டருக்கு மொட்டைமாடியில் வெயில் விழும் இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிடு. மாடிக்கு மேல் இரும்புச் சட்டத்தில் ட்ரஸ் கூரை போட்ட பிறகு இடம் தேடினால் கிடைக்காது.

இனி வெயில். நம்முடைய அட்சரேகை எட்டரை டிகிரி. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் அங்கே வரும். நடுவில் உள்ள நாலரை மாதமும் நண்பகலில் அது நமக்கு வடக்கே இருக்கும். வடக்குச் சுவர் எப்போதும் குளிர்ச்சி என்று டெல்லியை மனதில் வைத்து எழுதிய பாடப் புத்தகத்தை நம்பி, வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேட் வேண்டாம் என்று விட்டுவிடாதே. சுவருக்கு விழும் வெயிலைவிடக் கூரைக்கு விழுவது மிக அதிகம். கிழக்குச் சுவருக்குக் காலை மட்டும், மேற்குச் சுவருக்கு மாலை மட்டும். மொட்டைமாடிக்கோ நாள் முழுக்க.

நீ பார்த்த வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் மேல்மாடி அறையில் ஒரு நாற்காலி போட்டு ஏறி, கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார். வெளியே காற்று ஆறியிருக்கும், கான்கிரீட் ஆறியிருக்காது. பகலெல்லாம் குடித்த வெயிலை அது நள்ளிரவு வரை கீழே படுத்திருப்பவர் மேல் இறக்கிக்கொண்டிருக்கும். அந்த அறையில் வைக்கும் ஒன்றரை டன் ஏசியில் பெரும்பங்கு மனிதரைக் குளிர்விக்க அல்ல, அந்தத் தட்டைக் குளிர்விக்கத்தான் ஓடும். எரிசக்தித் திறன் பணியகம் 2018-ல் கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரையின் வெப்பக் கடத்தல் அளவு (யு-மதிப்பு) 1.2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. மேலே ஒன்றும் போடாத வெறும் கான்கிரீட் தட்டு அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு கடத்தும். அந்த விதி புது வீட்டுக்கானது, ஆனாலும் பழைய வீட்டுக்கு நமக்கு அதுவே அளவுகோல்.

தமிழ்நாட்டுப் பழைய மொட்டைமாடிகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். இங்கே பெரும்பாலும் வெறும் சிமென்ட் பூச்சுதான், அதற்கு மேல் மழை ஒழுகியதும் ட்ரஸ். வெள்ளைக் கூரைப் பெயின்ட் அடிக்கலாமே என்று கேட்பாய். மதுரையில் அடி, நன்றாக வேலை செய்யும். இங்கே ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. வெள்ளை கொஞ்ச காலத்திலேயே பாசி பிடித்துக் கருத்துவிடும். வருடா வருடம் தேய்த்துக் கழுவுகிற வீட்டுக்காரர் என்றால் மட்டும் சொல்லு. மற்றவர்களுக்கு ட்ரஸ்தான். அதிலும் ஒரு நிபந்தனை: நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். துணி காயப்போடவும் பழைய கட்டில் போட்டுவைக்கவும் பக்கங்களைத் தகரத்தால் அடைத்துவிடுவார்கள், அடைத்த அன்றே அது அடுப்பாகிவிடும். தகடு போட்டால் அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய காப்புப் படலம் போடச் சொல்லு, கூடவே முகட்டில் சூடான காற்று வெளியேற வழி விடு.

அடுத்து காற்று. இந்த ஊரின் சிக்கல் இங்கேதான். கோடையில் பகல் ஏற ஏறக் கடல் காற்று மேற்கிலிருந்து வரும், இரவில் கரைக்காற்று கிழக்கிலிருந்து கடலை நோக்கித் திரும்பும். அப்படியானால் பிற்பகலில் நல்ல காற்றும் கொடிய வெயிலும் ஒரே திசையிலிருந்து வருகின்றன. மேற்கு ஜன்னலை அடைத்தால் புழுக்கம், திறந்தால் வெயில். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இந்த ஊரில் ஜாலிச் சுவரை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அழகும் சிக்கனமும் மட்டும் காரணமல்ல என்று நான் நினைக்கிறேன். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கினால் அந்தச் சுவர் வெயிலை நிறுத்தும், காற்றை விடும்.

தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸில் எத்தனை தடவை மசால் தோசை தின்றிருப்பாய். அடுத்த முறை தோசையைவிட்டு நிமிர்ந்து பார். சுற்றிச் சுற்றி ஏறும் அந்தச் சுவரில் எந்த உயரத்தில் துளைகள் இருக்கின்றன, உட்கார்ந்திருப்பவரின் மேல் காற்று எங்கே படுகிறது என்று கவனி. அதைவிட முக்கியமாக ஒரு நாள் உள்ளூர் என்னும் பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்துக்குப் போய்விட்டு வா. பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் அழைத்து, எழுபதுகளில் பேக்கர் கட்டத் தொடங்கிய வளாகம். நூலகத்தைப் பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். நீ கம்ப்யூட்டர் சென்டரைப் பார். பின்னால் கம்ப்யூட்டர் அறைக்குக் குளிர்சாதனம் தேவைப்பட்டபோது, ஏசிக்கு எதிரானவர் என்று எல்லோரும் நினைக்கும் மனிதர் என்ன செய்தார்? கருவிகள் இருக்கும் உள் கூட்டை இறுக்கமாக மூடினார். அதைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் ஜாலிச் சுவர் ஒன்றை எழுப்பி, இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தை வைத்தார். மூடியது முழுக்க மூடியது, திறந்தது முழுக்கத் திறந்தது, மூடிய கூட்டின் மேல் நேர் வெயில் விழவும் இல்லை. நான் இவ்வளவு நேரம் சொல்ல வந்ததை அங்கே ஒரு சுற்று சுற்றினால் தெரிந்துகொள்வாய்.

சாஸ்தமங்கலத்து வீட்டை அப்படிப் பிரித்துப் பார். கூடம், சாப்பாட்டு இடம், அடுக்களை, மாடிப்படி திறந்தவை. இரண்டு படுக்கையறை மூடுபவை. மற்ற இரண்டுக்கும் இப்போதைக்கு ஏசிக்கு லைன் மட்டும் இழுத்துவை.

திறந்த பகுதிக்கு ஒரு கணக்குப் போடு. ஈரமும் வெப்பமும் உள்ள ஊருக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது அதே சம்ஹிதா. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறைக்கு இருபத்துநாலு சதுர அடி. பழைய மர ஜன்னலைக் கழற்றிவிட்டு ஐந்துக்கு நாலு யுபிவிசி ஸ்லைடிங் போட்டிருக்கிறார்களே, அதில் எப்போதும் ஒரு பாதி கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கும். இருபது சதுர அடி ஜன்னலில் திறப்பது பத்து. அதன் மேல் கொசுவலை. டெங்கு இருக்கும் ஊரில் வலை வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஆனால் வலை தூசி அடைத்துக் கிடந்தால் அந்தப் பத்தும் ஐந்தாகிவிடும். ரிட்ரோஃபிட் என்ற பேரில் இந்த ஊரில் நடக்கும் மிகப் பெரிய அநியாயம் இந்த ஸ்லைடிங்தான். பழையபடி வெளியே திறக்கும் ஜன்னலையே சீர்செய்து கொடு, வலையைக் கழற்றிக் கழுவும்படி சட்டத்தில் மாட்டு.

மாடிப்படிக்கு மேலே உள்ள அறையின் உச்சியில் லூவர் வைத்தால் சூடான காற்று தானே ஏறிப் போகும் என்று வீட்டுக்காரரிடம் சொல், ஆனால் ரொம்பப் பெருமை பேசாதே. இங்கே உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு, அதனால் அந்த இழுப்பும் குறைவு. பகலுக்கும் இரவுக்கும் எட்டு, ஒன்பது டிகிரிதான் இறங்கும் என்பதால் இரவுக் குளிரைச் சுவரில் சேமித்து வைக்கும் உத்தியும் பெரிதாகக் கை கொடுக்காது. எதிரெதிர் ஜன்னலும் மின்விசிறியும்தான் நம்பகம். சீலிங் ஃபேன் தரும் காற்று இரண்டு, மூன்று டிகிரி குறைந்தது போன்ற உணர்வைத் தரும். பழைய ஃபேன் எழுபத்தைந்து வாட், பிஎல்டிசி ஃபேன் முப்பது வாட். ஐந்து ஃபேன் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மாதத்தில் எண்பத்தொரு யூனிட் மிச்சம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யில் வீட்டு இணைப்புக்கு மாதம் 250 யூனிட் வரைதான் படிப்படியான கட்டணம். தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. இரவு எட்டு மணி நேரம் ஓடும் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி, மணிக்கு 0.6 யூனிட் என்று வைத்துக்கொண்டால், மாதம் நூற்றைம்பதுக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். அதில் பாதிக்கு மேல் ஃபேன் மாற்றியதிலேயே ஈடாகிவிடும். இரண்டாவது ஏசி போட்டால் அந்தக் கோட்டைத் தாண்டுவாரா என்று பழைய பில்களை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசு.

இனி மூடும் அறை. இங்கேதான் வெளிநாட்டுக் கட்டுரைகள் உன்னைக் குழப்பும். குளிர் நாடுகளில் ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும், அதனால் ஈரத்தடுப்பை அவர்கள் உள்பக்கம் வைக்கிறார்கள். நமக்கு வெளிக்காற்றில்தான் ஈரம். குளிர்ந்த அறையை நோக்கி அது சுவர் வழியே உள்ளே வரும். ஈரம் தடுக்கும் பூச்சு வெளிச்சுவரில்தான் இருக்க வேண்டும். உள்ளே வினைல் வால்பேப்பர் ஒட்டினால் வந்த ஈரம் அதன் பின்னால் சிக்கிக்கொள்ளும். ஏசி அறையில் வெளிச்சுவரை ஒட்டி வைத்த பீரோவை நகர்த்தி அதன் முதுகைப் பார். நனைந்த நாய்க்குட்டி மாதிரி ஒரு வாசம், பச்சையும் கறுப்புமாகப் புள்ளிகள், பட்டுப்புடவை அடுக்கிய தட்டில் வெள்ளைப் பூஞ்சை. பீரோ உள்சுவருக்குப் போகட்டும், இல்லையென்றால் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கட்டும்.

பெரிய ஏசி நல்ல ஏசி என்று கடைக்காரர் சொல்வார். ஜூலை மழையில் வெளியே இருபத்தாறு டிகிரிதான் இருக்கும், ஆனால் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அப்போது பெரிய ஏசி சட்டென்று குளிர்வித்துவிட்டு அடங்கிவிடும், ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் இருக்காது. அறை குளிர்ந்து பிசுபிசுப்பாகக் கிடக்கும். கூரைக்கு நிழல் கிடைத்த பிறகு கணக்குப் போட்டால் பெரும்பாலான படுக்கையறைகளுக்கு ஒரு டன்னே தாராளம். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. இருபத்தாறில் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓட்டச் சொல்லு. பதினெட்டில் வைத்துப் போர்வைக்குள் சுருண்டு படுப்பவருக்கு வெளிப்பக்கக் கண்ணாடியில் வியர்க்கும்.

ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. இறுக்கி மூடிய அறையில் இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் விடிகாலையில் தலை கனப்பது அதனால்தான். வடிகட்டி வைத்த ஒரு சிறு உள்ளிழுக்கும் ஃபேன் போதும். கொஞ்சம் ஈரம் கூடவே வரும், வரட்டும். அதை எடுக்கத்தான் ஏசி. அடுக்களைச் சிம்னியும் அப்படியே: காற்று உள்ளே வர வழியில்லாமல் கதவு ஜன்னல் எல்லாம் மூடிவிட்டு ஓட்டினால் சத்தம் வரும், புகை போகாது.

மண்குழாய் ஏற்பாட்டை மறந்துவிடு. இங்கே ஆழத்து மண்ணின் வெப்பம் ஆண்டுச் சராசரியை ஒட்டி இருபத்தேழு, இருபத்தெட்டு டிகிரி. அதில் எவ்வளவு குளிர் எடுக்க முடியும்? ஈரம் குழாய்க்குள் தங்கினால் பூஞ்சை வாசம் வீட்டுக்குள் வரும். தண்ணீர்க் கூலரும் அப்படித்தான், கோயம்புத்தூர்க் கோடையில் பிரமாதம், இங்கே ஈரத்தோடு ஈரம். டக்ட் ஏசியை எதிர்க்க எனக்குக் கொள்கை எதுவும் இல்லை. ஆனால் முப்பது வருடத்து வீட்டில் பீமைத் துளைத்து டக்ட் ஓட்டுவார்கள், ஆள் இல்லாத அறையும் குளிரும், உள்ளே தூசி படிந்தால் கழுவ ஆள் கிடைக்காது.

இன்னும் சில சின்ன விஷயங்கள். பேக்கர் பாணி ராட் ட்ராப் சுவருள்ள வீடு கிடைத்தால் ஏசி மாட்டுபவனிடம் முன்கூட்டியே சொல்லு: நடுவில் பொள்ளல் இருக்கும், சாதாரண ஆங்கர் போல்ட் பிடிக்காது, அந்த இடத்தில் பொள்ளலை கான்கிரீட்டால் நிரப்பிவிட்டு மாட்ட வேண்டும். ஜாலிக்கு உள்பக்கம் கண்ணாடி வைத்து அடைத்து அந்த அறையைக் குளிர்விக்கச் சொல்வார்கள். வேறு அறையைக் காட்டு. வெளியே வைக்கும் யூனிட், வெட்டுகாடு, வலியதுறைப் பக்கம் என்றால் உப்புக்காற்றில் சீக்கிரம் அரித்துவிடும். பூச்சு போட்ட காயில் கேள், கடலைப் பார்க்காத சுவரில் மாட்டு, பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே வைக்காதே. ரிப்பேருக்கு வருபவன் கயிற்றில் தொங்காமல் நின்று வேலை செய்ய இடம் இருக்கிறதா என்று நீயே போய் நின்று பார்.

வீட்டுக்காரர் துபாயிலிருந்து வந்தவர் என்று எழுதியிருந்தாய். அங்கே மூடிய வீட்டில் இருந்து பழகியவருக்குத் திறந்த கூடம் குறையாகத்தான் தெரியும். வாதாடாதே. கூரை வேலையை முதலில் முடித்துக்கொடுத்து, ஏசி பேச்சை ஒரு கோடை தள்ளிப்போடு. அவர் ஒத்துக்கொண்டால், ராத்திரி எந்த ஜன்னலில் காற்று வருகிறது என்பதை வரைபடத்தில் குறித்து எனக்கு அனுப்பு. டன் கணக்கைச் சேர்ந்து போடலாம்.

அன்புடன்,
அண்ணன்