பொறியியல் நுழைவுத் தேர்வும் மேனிலை முதலாண்டுப் பாடமும்

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை உள்ள இல்லங்களில் இன்று முதலில் எழும் பேச்சு, "எந்தப் பயிற்சி மையத்தில் சேர்ப்பது?" என்பதாகவே இருக்கிறது. எம் இல்லத்திலும் அவ்வாறே எழுந்தது. எம் மகன் பென்னலூரில் வசிக்கிறான். இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையில் வாகன உதிரிப்பாக ஆலையொன்றில் அவனுக்குப் பணி. அவன் மகள், எம் பெயர்த்தி, பொறியியல் பயில விரும்பினாள். பயிற்சி மையமொன்றிலிருந்து வந்தவர், ஜே.இ.இ. என்னும் கூட்டு நுழைவுத் தேர்வை எழுதாவிடில் பொறியியல் கல்லூரியில் இடமே கிடைக்காது என்று தோன்றும்படிப் பேசி, மகனின் ஓராண்டு ஊதியத்தை நெருங்கும் தொகையைக் கட்டணமாகக் கேட்டார். நகைகளை அடகு வைக்கலாமா என்று வீட்டில் ஆராயத் தொடங்கிய பிறகே செய்தி எம் காதுக்கு எட்டியது. இரண்டு நாள் பொறுத்துக் கையொப்பமிடுமாறு சொன்னோம்.

முதலில் தெளிய வேண்டுவது, எந்தக் கல்லூரிக்கு எந்தத் தேர்வு என்பதே. தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984 முதல் மாநில நுழைவுத் தேர்வு நடந்துவந்தது. 2006 இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அது நீங்கியது. இப்போது மாநிலக் கலந்தாய்வுக்கு மேனிலை இரண்டாமாண்டு மதிப்பெண்ணே அடிப்படை: கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றோர்க்கு 2021 முதல் 7.5 விழுக்காடு இடங்களும் உண்டு. எம் மகன் வீட்டிற்கு அண்மையில், பென்னலூரிலேயே, 1985 இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ வெங்கடேசுவரா பொறியியற் கல்லூரி இருக்கிறது. அதன் கலந்தாய்வு இடங்களுக்கும் இதுவே வழி. ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு வேண்டப்படுவது, திருச்சியில் உள்ளது போன்ற தேசிய தொழில்நுட்பக் கழகங்களுக்கும், மேலக்கோட்டையூரில் உள்ளது போன்ற மைய அரசின் நிறுவனங்களுக்கும், ஐ.ஐ.டி.க்கான இரண்டாம் கட்டத் தேர்வை எழுதும் தகுதிக்குமே.

இதைச் சொன்னதும் மகன் முகத்தில் பாரம் இறங்கியது. பெயர்த்தியோ, "எனக்குத் திருச்சிதான் வேண்டும், பாட்டி" என்றாள். அப்படியானால் எழுதத்தான் வேண்டும். கணிதத்தையும் இயற்பியலையும் யாமே பார்த்துக்கொள்வதாக ஏற்றோம். வேதியியல் எமக்குக் கைவந்ததன்று; அதைப் பள்ளி ஆசிரியரிடம் விட்டோம்.

தேர்வின் அமைப்பு இது. கணினியில் மூன்று மணி நேரம். மூன்று பாடங்களிலும் பாடத்திற்கு 25 வினாக்கள், மொத்தம் 300 மதிப்பெண். அந்த 25 இல் 20 வினாக்களுக்கு நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். ஏனைய 5 வினாக்களுக்கு எண்ணைத் தாமே கண்டு பதிய வேண்டும். சரிக்கு 4, தவறுக்கு 1 குறையும், விட்டுவிட்டால் கூடுதலும் இல்லை, குறைதலும் இல்லை. கணிப்பான் கிடையாது. வாய்ப்பாட்டை மறந்த பிள்ளை இங்கே திணறும். ஜனவரியிலும் ஏப்ரலிலும் இருமுறை நடக்கிறது. இரண்டும் எழுதியவர்க்கு உயர்ந்தது கொள்ளப்படும்.

இத்தேர்வின் பாடத்தில் ஏறத்தாழப் பாதி மேனிலை முதலாண்டைச் சேர்ந்தது. அலகுகள், வெக்டர், நியூட்டன் விதிகள், சுழற்சி இயக்கம், அலைவுகள். முக்கோணவியல், சேர்வுகள், ஈருறுப்புத் தேற்றம், நேர்க்கோடுகள். இவற்றைத்தான் பல பள்ளிகள் விரைந்து கடந்து, இரண்டாமாண்டுப் புத்தகத்தை முன்கூட்டியே தொடங்கிவிடும். இவ்வழக்கத்தைத் தடுக்கவே 2017-18 இல் முதலாண்டிற்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது கைவிடப்பட்டுள்ளது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நன்றே. ஆயினும் முதலாண்டுப் புத்தகம் உண்மையில் நடத்தப்படுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு இனிப் பெற்றோருடையது. மாதம் ஒருமுறை பிள்ளையின் குறிப்பேட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

பெயர்த்தி முதலாண்டுப் பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவளே. எனினும் முதல் நாள் யாம் கொடுத்த கணக்கில் நின்றுவிட்டாள். வீட்டு வாசலில் நின்றால் நெடுஞ்சாலையில் ஆலைப் பேருந்துகள் செல்வது தெரியும். ஒரு பேருந்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. சக்கரங்கள் சுழலாது இறுகும்படி ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். சாலைக்கும் சக்கரத்திற்கும் உராய்வுக் குணகம் 0.5; எவ்வளவு தூரத்தில் நிற்கும்? இதுவே கணக்கு.

"பேருந்தின் எடை எவ்வளவு என்று சொல்லவே இல்லையே, பாட்டி?"

"எடையை எம் என்று வைத்துக்கொண்டு போய்ப் பார், அம்மா" என்றோம். உராய்வு விசை எடைக்கேற்ப மிகுகிறது. அவ்விசை நிறுத்த வேண்டிய நிறையும் அதே அளவில் மிகுகிறது. ஆகவே நிறை இருபுறமும் நீங்கிவிடுகிறது. வேகக் குறைவு நொடிக்கு நொடி 0.5 × 10 = 5 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். 20 இன் வர்க்கம் 400. அதை 2 × 5 ஆல் வகுக்க 40 மீட்டர். வேகம் பாதியானால்? 20 மீட்டர் என்று உடனே சொன்னாள். போட்டுப் பார்த்தபின் 10 என்று திருத்தினாள். சூத்திரம் அவளுக்கு மனப்பாடம். ஆயினும் வேகம் அதில் வர்க்கமாக நிற்பதன் பொருள் அன்றுதான் அவளுக்கு விளங்கியது. ஆளில்லாப் பேருந்தும் ஆள் நிறைந்த பேருந்தும் இக்கணக்கின்படி ஒரே தூரத்தில்தான் நிற்கும் என்றபோது, வாசலுக்குச் சென்று சற்று நேரம் சாலையைப் பார்த்திருந்தாள்.

நான்கு விடைகளில் ஒன்றைத் தெரியும் வினாக்களுக்கு மற்றொரு பழக்கம் வேண்டும். வழவழப்பான சாய்தளத்தில் நழுவும் பொருளின் முடுக்கம் என்ன என்று வினவி, ஜி சைன் தீட்டா, ஜி காஸ் தீட்டா, ஜி டேன் தீட்டா, ஜி என நான்கு விடைகள் தரப்பட்டால், விசைப்படம் வரையுமுன் கோணத்தைச் சுழியாக்கிப் பார்க்கலாம். தளம் கிடையாகிவிட்டது, பொருள் நகராது, விடை சுழியாக வேண்டும். காஸும் வெறும் ஜி-யும் விழுந்தன. கோணத்தை 90 பாகையாக்கினால் பொருள் தடையின்றி விழும். விடை ஜி ஆக வேண்டும். டேன் எல்லையின்றிப் பெருகுவதால் அதுவும் விழுந்தது. எஞ்சியது சைன். அலகுகளை ஒப்பிட்டுத் தள்ளுவதும் இத்தகையதே. இதைக் குறுக்குவழி என்று சிலர் இழிப்பர். எம் கருத்தில் இதுவே இயற்பியல்.

குறைமதிப்பெண்ணைப் பற்றியும் கணக்குப் போட்டுப் பார்ப்பது நன்று. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால், நான்கு முறைக்கு ஒருமுறை 4 வரும், மூன்று முறை 1 போகும். சராசரியாக வினாவுக்குக் கால் மதிப்பெண் மிச்சம். இருபது வினாவுக்கு 5. ஆனால் அன்று அது 15 ஆகவும் வரலாம், 5 குறையவும் செய்யலாம். இரண்டு விடைகளைத் தள்ளிவிட்டுக் குறித்தால் மிச்சம் ஒன்றரையாக உயரும். எண்ணைத் தாமே பதியும் வினாக்களில் ஊகம் முழு நட்டமே. அங்கே பொருந்தி விழ ஏது வழி?

சேர்வுகள் பாடத்தில் நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொல்லத் தகும். கி.பி. 9 ஆம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணப் பேரறிஞர் மகாவீராசாரியர், தம் கணித சார சங்கிரகத்தில் சேர்வுகளுக்குப் பொதுவிதி தந்துள்ளார். அந்நூலை 1912 இல் சென்னை அரசாங்கம், மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டது. எண்களை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் மேலும் கீழுமாக எழுதிப் பெருக்கி வகுப்பது அவர் முறை. பத்துப் பொருளில் ஐந்தைத் தேர இறங்குவரிசைப் பெருக்கம் 10 × 9 × 8 × 7 × 6 = 30,240; ஏறுவரிசைப் பெருக்கம் 1 × 2 × 3 × 4 × 5 = 120; வகுக்க 252. பாடநூலில் தொடர்பெருக்கக் குறிகளைக் கண்டு மருண்ட பெயர்த்தி, இப்படி எழுதிக் காட்டியபின் மருளவில்லை. குறையெண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று அவ்வாசிரியர் எழுதியதைக் காட்டியபோது, "அவர் கலப்பெண் பாடம் படிக்கவில்லை, பாட்டி" என்று சிரித்தாள். யாமும் சிரித்தோம்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு: 2021 முதல் முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். விண்ணப்பிக்கும்போதே மொழியைக் குறிக்க வேண்டும். ஆங்கில வடிவமும் உடன் தெரியும். ஐயம் எழுந்தால் ஆங்கிலமே முடிவு. ஐ.ஐ.டி.க்கான இரண்டாம் கட்டத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. ஆதலால் முடுக்கம், திருப்புவிசை, மின்தூண்டல் போன்ற சொற்களுக்கு ஆங்கிலப் பெயரையும் முதலாண்டிலிருந்தே பக்கத்தில் எழுதிவரச் செய்க.

ஒவ்வொரு தவறையும் தனி ஏட்டில் எழுதச் சொன்னோம்: வினா, தவறிய இடம், தவறிய காரணம். இதற்குப் பிழையேடு என்று அவளே பெயரிட்டாள். அறியாமையால் வந்தவை நாம் எண்ணியதைவிடக் குறைவு. கூட்டலில் வந்தவையும், வினாவை முழுதும் படியாமையால் வந்தவையுமே மிகுதி.

ஜனவரித் தேர்வு அவளுக்குப் பிற்பகல் வேளையில் அமைந்தது. மூன்று முதல் ஆறு வரை. வேளையைத் தேர்ந்துகொள்ள இயலாது. இரவுணவு கொள்ளாத நம் பிள்ளைகள் மையத்தை விட்டு வெளியே வரும்போது கதிரவன் மறைந்திருப்பான். எனவே நண்பகலிலேயே வயிறு நிறைய உண்ணச் செய்து அனுப்ப வேண்டும். புறப்படும் பரபரப்பில் அரைவயிறாய் அனுப்பினால் மறுநாள் காலை வரை அவ்வளவே. எம் மருமகள் இதை முன்னரே எண்ணி, பத்தரைக்கே சமையலை முடித்துவிட்டாள்.

அத்தேர்வில் மதிப்பெண் குறைந்தது. எம் பிழையும் அதில் உண்டு. கால் மதிப்பெண் மிச்சம் என்று யாம் சொன்னதை மட்டும் நினைவில் கொண்டு, எண் பதியும் வினாக்களிலும் ஊகித்துப் பதிந்திருக்கிறாள். நட்டத்தையும் சேர்த்து அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். ஏப்ரலில் அவற்றைத் தொடாமல் விட்டாள், மதிப்பெண் உயர்ந்தது. திருச்சிக்கு அதுவும் போதவில்லை. மாநிலக் கலந்தாய்வில் அவள் விரும்பிய இயந்திரவியல் பிரிவிலேயே இடம் பெற்று, இப்போது வீட்டிலிருந்தே கல்லூரிக்குச் சென்று வருகிறாள்.

பிழையேடு மேனிலை முதலாண்டில் சேர்ந்துள்ள அவள் தம்பியின் கைக்கு மாறிவிட்டது. பேருந்துக் கணக்கின் கீழ் அவனும் 20 மீட்டர் என்றுதான் முதலில் எழுதியிருக்கிறான்.