சைரன் ஊதாவிட்டால் பயமில்லையா?

அக்டோபரில் மலேசியாவின் கேமரன் மலையில் மழை கனத்துவிட்டால் போதும், தேநீர்க் கடையிலும் தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களிலும் அதே பேச்சு கிளம்பிவிடும்: "தெனாகா மின் நிறுவனக்காரன் அணையைத் திறந்தால்தான் வெள்ளம் வரும். அணையின் சைரன் ஊதாத வரைக்கும் நிம்மதியாகத் தூங்கலாம்." இது எங்கிருந்து முளைத்தது என்பது தெரிந்ததே. 2013 அக்டோபர் 23 நள்ளிரவு கடந்து ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. பெர்தாம் பள்ளத்தாக்கில் சேறும் நீரும் வீடுகளுக்குள் பாய்ந்தன, உயிர்கள் போயின. அந்த இரவை யாரும் மறக்கக் கூடாது. ஆனால் அதிலிருந்து தப்பான பாடத்தைப் படித்துக்கொண்டு, ஆண்டு தவறாமல் அதையே பரப்புவதைத்தான் சகிக்க முடியவில்லை.

1963-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை மின்சாரம் எடுப்பதற்கானது. பெருவெள்ளத்தைப் பிடித்து வைக்கும் அளவுக்கு அதன் நீர்த்தேக்கம் பெரிதல்ல. 80 ஆண்டு தாங்கும் என்று கணக்கிட்டுக் கட்டியது, அரை நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறையப் பாதி தூர்ந்துபோனது. காடழித்த சரிவுகளிலிருந்தும் காய்கறித் தோட்டங்களிலிருந்தும் கரைந்து வந்த மண்தான் அங்கே படிந்தது. மண் பிடித்துக்கொண்ட இடத்தில் நீர் நிற்காது. மழை அடித்து ஊற்றினால் மட்டம் மளமளவென்று ஏறும், மதகைத் திறக்காவிட்டால் அணைக்கே ஆபத்து. "அப்படியானால் திறந்தவர்கள் மேல் தவறே இல்லையா?" என்று கேட்பார்கள். எப்போது, எவ்வளவு திறந்தார்கள், கீழே இருப்பவர்களை எப்படி எச்சரித்தார்கள் என்று கேட்பது மக்களின் உரிமை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் நீரைக் கொண்டுவந்தது மழை, சேற்றைக் கொண்டுவந்தது மொட்டையடித்த சரிவு. ஆற்றோரத்தை அடைத்துக்கொண்டு வீடும் கொட்டகையும் எழுந்ததில் ஆறு குறுகிப்போனதும் உண்மை. பழியை மதகின் மேல் மட்டும் போட்டால் இவை எல்லாம் தப்பித்துக்கொள்கின்றன.

சைரனை நம்புகிறவர்களுக்கு இன்னொரு கேள்வி. 2024 ஜனவரி 26 விடியலுக்கு முன் புளூ வேலியில் மண் சரிந்து மியன்மார் தொழிலாளர் ஐவர் மாண்டார்களே, அங்கே எந்த மதகு திறந்தது? அது மலையின் வடகோடி, ரிங்லெட் அணைக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. மண்சரிவு சைரன் ஊதிவிட்டு வராது. ஓடை திடீரென்று செம்மண் நிறமாவது, மழை கொட்டும்போதே நீர் மட்டம் குறைவது, மரங்கள் சாய்வது, மேலே பாறை உருளும் சத்தம் கேட்பது, இவைதான் எச்சரிக்கை. ஓடை மட்டம் குறைந்தால் "வெள்ளம் வடிந்துவிட்டது" என்று மகிழ்கிறார்கள், கொடுமை! மேலே மண்ணும் மரமும் ஓடையை அடைத்திருக்கலாம். அடைப்பு உடைந்தால் ஓட நேரம் இருக்காது.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. வெள்ளம் கீழே சமவெளியில் இருக்கும் பெக்கானுக்கும் தெமர்லோவுக்கும்தானாம்; அங்கே நாள்கணக்கில் ஏறும் நீர் இங்கே நிமிடக்கணக்கில் பாய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பனி உருகும் இமயத்தில்தான் மலைவெள்ளம் வருமாம்; 2013 ஜூனில் கேதார்நாத்தை அழித்ததில் உருகிய பனியோடு பெருமழைக்கும் பங்கு உண்டு, நமக்கு மழை ஒன்றே போதும். தேயிலை இருக்கும் சரிவு சரியாதாம். அடர்ந்த தேயிலை காய்கறிப் பாத்தியைவிட மண்ணை நன்றாகக் காக்கும், மறுக்கவில்லை. ஆனால் கவாத்து வெட்டிய நிரையில் மழைத்துளி நேராக மண்ணில் விழுகிறது, வெட்டிய பாதையோரமும் திறந்தே கிடக்கிறது. நான்கு சக்கர வண்டி வெள்ளத்தைக் கடந்துவிடுமாம். முழங்கால் அளவு ஓடும் நீரே ஆளைச் சாய்த்துவிடும், இரண்டடி நீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப்போகும்.

ஆகவே இரவில் விடாமல் கொட்டினால், ஓடையோரத்திலும் சரிவின் அடியிலும் இருப்பவர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு ஓடையையும் சரிவையும் விட்டு விலகிய மேட்டுக்குப் போங்கள், 999-க்கு அழையுங்கள். தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை: ஓடைக்கரையில் தொழிலாளர் குடியிருப்பு இருந்தால் அதை அடுத்த மழைக்கு முன் இடம் மாற்றுங்கள். கரையை ஆற்றுக்கே விட்டுவிட்டு மரம் நடுங்கள்.