கலங்களைக் காட்டும் தங்கத் துணிக்கைகள்

தங்கத்தைச் சிவப்பாகக் காண வேண்டுமானால் அதை மிக மிகச் சிறிதாக்க வேண்டும். நீரில் தங்கம் நுண்ணிய துணிக்கைகளாகப் பரவியிருக்கும்போது மாணிக்கச் சிவப்பு தோன்றுவதை 1857இல் மைக்கேல் பரடே இலண்டனில் விளக்கினார். அவர் தயாரித்த மாதிரிகள் றோயல் இன்ஸ்டிடியூசனில் இன்றும் அதே சிவப்போடு இருக்கின்றன.

காரணம் இலத்திரன்கள்தான். சுமார் 20 நனோமீற்றர் விட்டமுள்ள தங்கத் துணிக்கையில் ஒளி படும்போது அதன் சுயாதீன இலத்திரன்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து அலைகின்றன. அப்போது 520 நனோமீற்றரை அண்டிய பச்சை ஒளி உறிஞ்சப்பட, சிவப்பு எஞ்சுகிறது. (ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஒரு நனோமீற்றர்.)

கலங்களை ஆராய்வோருக்கு இது பெரிய வாய்ப்பு. வழமையாகப் பயன்படும் ஒளிரும் சாயங்கள் தொடர்ந்து ஒளி படும்போது வெளிறிவிடும், தங்கம் வெளிறாது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அது கரும்புள்ளியாகத் தெளிவாகத் தெரியும். அதன் மேற்பரப்பில் ஒரு பிறபொருளெதிரியை இணைத்துவிட்டால், குறித்த வகைப் புற்றுநோய்க் கலத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

கண்ணாடித் தட்டில் உள்ள கலங்களுக்கு இவ்வளவும் போதும். உடலுக்குள் செலுத்துவதானால் இரண்டு சிக்கல்கள் வருகின்றன. குருதியிலுள்ள ஈமோகுளோபின் பச்சை ஒளியைத் தானே உறிஞ்சிவிடும். இழையங்களுக்குள் ஓரளவு ஆழமாகச் செல்லக்கூடியது 700 முதல் 900 நனோமீற்றர் வரையான செந்நிறக்கீழ் அண்மை ஒளி. தனித்த சிறு தங்கத் துணிக்கை அந்த ஒளியைப் பொருட்படுத்துவதில்லை. பல துணிக்கைகள் நெருங்கி ஒரு கொத்தாகும்போது, ஒன்றின் இலத்திரன் அலைவு மற்றொன்றைப் பாதித்து, உறிஞ்சும் அலைநீளம் அந்தப் பக்கம் நகர்கிறது. ஆகவே துணிக்கைகள் கொத்தாக வேண்டும்.

ஆனால் சிறுநீரகம் வடித்து வெளியேற்றக்கூடியவை ஏறத்தாழ 6 நனோமீற்றருக்குக் குறைந்த துணிக்கைகளே. அதைவிடப் பெரியவை பெரும்பாலும் ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடுகின்றன. நகையில் நாம் விரும்பும் அதே குணம், எதனாலும் அழியாமை, ஈரலில் குறையாகிவிடுகிறது. நோயைக் கண்டறிவதற்காக ஏற்றிய ஒன்று நோயாளியின் உடலில் வருடக்கணக்கில் கிடப்பதை எந்த வைத்தியர்தான் விரும்புவார்?

பார்ப்பதற்குப் பெரிதாகவும் போவதற்குச் சிறிதாகவும் ஒரே பொருள் இருக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பது உயிரியல் முறையில் சிதைவுறும் பல்பகுதியம். அது நமக்குப் புதிதல்ல. தங்கை பிறந்தபோது உம்மாவின் வயிற்றில் போட்ட தையலைப் பிரிக்கத் தேவையில்லை, தானாகவே கரையும் என்று தாதி சொன்னாராம். அத்தகைய நூல்கள் பல இலற்றிக்கமிலம், கிளைக்கோலிக்கமிலம் ஆகியவற்றின் அலகுகள் எசுத்தர்ப் பிணைப்புகளால் கோக்கப்பட்ட சங்கிலிகள். எசுத்தரின் நீர்ப்பகுப்பை உயர்தர இரசாயனவியலில் சமன்பாடாக எழுதுகிறோமே, அதுதான் காயத்துக்குள்ளும் மெதுவாக நடக்கிறது. ஓட்டப் போட்டியில் நம் தசைகளில் உண்டாகும் அதே இலற்றிக்கமிலத்தைக் கையாள உடலுக்குத் தெரியும்.

இந்த இயல்பை அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயன்படுத்தினர். 2010இல் வெளியான அவர்களது ஆய்வில், சுமார் 4 நனோமீற்றர் அளவான தங்கத் துணிக்கைகள் பல, ஏறக்குறைய 100 நனோமீற்றர் அளவான கொத்துகளாக்கப்பட்டன. அவற்றைப் பிடித்துவைத்தது, நடுவில் பொலிஎதிலீன் கிளைக்கோலும் இரு முனைகளிலும் பொலி இலற்றிக்கமிலமும் கொண்ட பல்பகுதியம். கொத்தாக இருந்தபோது செந்நிறக்கீழ் அண்மை ஒளியை அவை நன்றாக உறிஞ்சின. கிருமிகளை விழுங்கும் மக்ரோபேஜ் கலங்கள் அவற்றை உள்ளெடுத்த பிறகு, காலப்போக்கில் கொத்துக் குலைந்து பழைய சிறு துணிக்கைகளாகப் பிரிந்தது. அதாவது, சிறுநீரகத்தின் வடிகட்டிக்குப் பொருந்தும் அளவு.

இது ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் கண்டது. மனித உடலில் ஒவ்வொரு துணிக்கையும் கலத்தை விட்டு வெளியேறி, குருதியில் கலந்து, சிறுநீரகம்வரை போய்ச் சேர வேண்டும். வழியில் புரதங்கள் ஒட்டிக்கொண்டால் அதன் பருமன் மீண்டும் கூடிவிடும். என் கண்ணுக்குக் கொத்தைக் கட்டுவதைவிட அது குலையும் நேரத்தைத் தீர்மானிப்பதே கடினமான வேலையாகத் தெரிகிறது. சங்கிலியின் நீளத்தையும் அமிலங்களின் விகிதத்தையும் மாற்றினால் அந்த நேரம் மாறும். படம் எடுத்து முடியுமுன் குலைந்தால் பயனில்லை. மாதக்கணக்கில் குலையாதிருந்தால் ஈரலின் பாடு பழையபடிதான்.