பக்கச் சக்கர வண்டியும் உணர்வற்ற காலும்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் எங்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு: "இனி வண்டி ஓட்டலாமா, டாக்டர்?" இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர், தண்டுவடக் காயத்தால் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர், ஒரு காலை இழந்தவர் என யாராயினும், கேட்பது இதைத்தான். ஐயங்கார்குளத்தில் வசிக்கும் ஒருவர் காஞ்சிபுரத்துக்குப் போய்ப் பட்டுநூல் வாங்கி வரவும், உத்திரமேரூருக்குப் போய் ஓர் அலுவலக வேலையை முடிக்கவும் பிறர் துணையை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டுமா என்பதே இக்கேள்வியின் உட்பொருள். ஆகவே இதனை மருத்துவத்துக்குப் புறம்பான கேள்வியாக நாங்கள் கருதுவதில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவாயிற்று. நடமாட்டத்தை மீட்டுத் தருவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதை நம் நாட்டு மருத்துவம் அத்தகையோரிடமிருந்துதான் கற்றது.

மூன்றாவது சக்கரம் என்று பொதுவாகச் சொன்னாலும், நம் பகுதியில் இரு வேறு அமைப்புகள் வழக்கில் உள்ளன. ஒன்று பழைய சைடு கார். மோட்டார் சைக்கிளின் இடப்பக்கத்தில் ஒரு சட்டத்தால் இணைக்கப்பட்டு, தனக்கென ஒரே சக்கரம் கொண்ட இருக்கைத் தொட்டில் அது. மற்றொன்று, ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் இரண்டு சக்கரங்கள் கூடுதலாகப் பொருத்தப்பட்ட, மக்கள் "சைடு வீல் வண்டி" என்றழைக்கும் வாகனம். தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, கால்கள் பாதிக்கப்பட்டோருக்கு இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட ஸ்கூட்டராக வழங்குவது இந்த இரண்டாம் வகையையே. இரண்டும் கவிழும் விதம் வேறு என்பதால் தனித்தனியே அறிந்துகொள்ள வேண்டும்.

சைடு காருக்கு நம் மாவட்டத்தோடு ஓர் உறவு உண்டு. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்தது. புல்லட் வண்டிகள் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கின. இன்று அந்நிறுவனத்தின் பெரிய ஆலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உள்ளன. கார் வாங்க இயலாத குடும்பங்கள் புல்லட்டிலும் ஸ்கூட்டரிலும் சைடு கார் பூட்டி மனைவி மக்களோடு கோயிலுக்கும் திருமணத்துக்கும் சென்ற காலத்தை எங்களிடம் வரும் முதியோர் பலர் நினைவுகூர்வர். இளையோர்க்கு அது 1975இல் வந்த ‘ஷோலே’ படத்தில் பார்த்த வேடிக்கை. சிலர் இப்போது விருப்பத்துக்காகவே பழைய சைடு கார்களைப் புதுப்பித்து ஓட்டுகின்றனர்.

வீட்டு முக்காலியை நினைத்துக்கொள்ளுங்கள். மேடு பள்ளமான தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. ஆனால் அதன் ஓரத்தில் அமர்ந்தால் உடனே சாயும். மூன்று கால்களையும் இணைக்கும் முக்கோணத்துக்குள் நம் எடை விழும்வரைதான் அது நிற்கும். சைடு கார் பூட்டிய வண்டியில் முன்சக்கரம், பின்சக்கரம், பக்கச் சக்கரம் ஆகிய மூன்றும் அம்முக்கோணத்தின் முனைகள். ஓட்டுபவர் அமர்ந்திருப்பதோ அதன் வலது விளிம்பில். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கம் தள்ளப்படுவதால் விளிம்பை எளிதில் கடந்துவிடுகிறது. சைடு கார் தரையை விட்டு எழுகிறது. அதில் ஆள் இல்லையெனில் இன்னும் விரைவாக எழும். காலியான சைடு காரில் மணல் மூட்டை வைக்கும் பழக்கம் இதனால் வந்தது. வலப்பக்கம் திரும்புகையில் வண்டி உறுதியாகத் தோன்றும். அத்தருணத்தில் பலமாக பிரேக் பிடித்தால் சைடு காரின் மூக்கு தாழ்ந்து பின்சக்கரம் எழக்கூடும்.

நேர்ச்சாலையிலும் அது இருசக்கர வண்டிபோல் நடந்துகொள்வதில்லை. ஆக்சிலரேட்டரைத் திருகினால் சைடு கார் பின்தங்கி வண்டியை இடப்பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால், சைடு காரின் சக்கரத்தில் பிரேக் இல்லாத பட்சத்தில், அது முன்னோக்கி உந்தி வண்டியை வலப்பக்கம், அதாவது எதிரே வரும் லாரியின் பக்கம், திருப்பும். நாற்பதாண்டு புல்லட் ஓட்டியவரானாலும் இதை அடியிலிருந்து பழக வேண்டும். உண்மையில், உடலைச் சாய்த்து வளையும் பழக்கம் ஊறிப்போனவருக்குத்தான் இது கூடுதல் சிரமம்.

சைடு காரில் அமர்பவரின் தலை பற்றியும் ஒரு சொல். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், தலைக்கவசம் அணியும் கடமையிலிருந்து சைடு காரில் பயணிப்போரை விலக்கி வைத்திருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கை விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் செல்லும் நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரையும் குறிப்பிடுகிறது. தாழ்ந்த இருக்கையில் இருப்பவருக்கு ஆபத்தில்லை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அவரைச் சுற்றி இருப்பது மெல்லிய தகடு; அவர் தலை இருப்பதோ கார்களின் முன்பகுதிக்கு ஒத்த உயரத்தில். பேரக்குழந்தையை அதில் உட்கார வைத்துச் செல்லும் தாத்தாக்களுக்கு இதை அழுத்தமாகச் சொல்கிறோம்.

இனி, எங்கள் நோயாளரில் பெரும்பாலோர் ஓட்டும் சைடு வீல் ஸ்கூட்டர். இதில் கியர் இல்லை, கால் பிரேக்கும் இல்லை. ஓட்டுவது, நிறுத்துவது யாவும் கைகளால் ஆகும். நின்ற இடத்தில் கால் ஊன்ற வேண்டியதில்லை. இந்த வசதிகளே இதைப் பயனுள்ளதாக்குகின்றன. ஆயினும் இதுவும் முக்காலியே. இதன் குறுகிய முனை முன்னே இருக்கிறது. வளைவில் பிரேக் பிடித்தால் எடை முன்னோக்கி, அக்குறுகிய முனைக்கு நகர்கிறது. ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். வளையும்போது பிரேக் கூடாது.

எவ்வளவு குறைப்பது? வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 200 கிலோ எனக் கொள்வோம். 10 மீட்டர் ஆரமுள்ள தெருமுனை வளைவில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் திரும்பினால், வெளிப்பக்கம் தள்ளும் விசை ஏறத்தாழ 63 கிலோ எடைக்குச் சமம். 30 கி.மீ. வேகத்தில் அது 142 கிலோவாகிறது. 40 கி.மீ. எனில் 250 கிலோ. வண்டியின் முழு எடையையும் மிஞ்சிவிடுகிறது. இருசக்கர வண்டி உட்புறம் சாய்ந்து இவ்விசையைச் சமன் செய்யும். இவ்வண்டியால் சாய இயலாது. எனவே எங்கள் அறிவுரை எளியது: தெருமுனைகளில் 15 கி.மீ. வேகத்துக்கு மேல் வேண்டாம்.

சாலையின் ஓரமும் இதற்குப் பகை. தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் ஒரு சாண் பள்ளம் இருந்தால், இருசக்கர வண்டிக்காரர் அதைக் கவனிக்கவே மாட்டார். இதன் இடப்பக்கச் சக்கரமோ அதில் இறங்கிவிடும். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லும் வைக்கோலும் காயும்போது, பாதிச் சாலையே மிஞ்சுகிறது. அகலமான வண்டிக்கு அது போதாது. நெல்லின் மேல் ஏறாமல் நின்று, எதிர்வரும் வண்டி போன பின் செல்லுங்கள். பள்ளத்தில் நிறுத்தினால் பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் தங்கி, நடுச்சக்கரம் பிடிப்பின்றிச் சுழல்வதும் உண்டு. பின்னோக்கி நகர்த்தும் கியர் இல்லாத வண்டியைக் காலால் உந்தவும் உங்களால் இயலாது. ஆதலால் எங்கே நிறுத்தினாலும், புறப்படும்போது நேரே முன்னோக்கிப் போகும்படி நிறுத்துங்கள். சித்ரா பௌர்ணமியன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளும் நாளில், நம் ஊர்க் கூட்டத்துக்கு நடுவே வண்டி சிக்கிக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இவை வண்டியைப் பற்றியவை. எங்களைக் கூடுதலாகக் கவலைப்பட வைப்பது உணர்வற்ற கால்.

வலி என்பது காவலாளி. இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாதவருக்கு அக்காவலாளி இல்லை. குலுங்கும் சாலையில் பாதம் மிதிபலகையிலிருந்து நழுவித் தரையில் உரசிக்கொண்டே வந்தாலும் அவருக்குத் தெரியாது. வீடு வந்து சேரும்போது கட்டைவிரலில் தோல் இருக்காது. சில வேளை எலும்பே தெரியும். ஆகவே வெறுங்காலோடும், வாரில்லாத செருப்போடும் ஓட்டக் கூடாது. பின்பட்டை உள்ள காலணியோ, மென்மையான மூடிய காலணியோ அணிந்து, மிதிபலகையில் பாதத்தை ஒட்டும் பட்டையால் நிறுத்தலாம். அப்பட்டை இழுத்தால் தானே விடுபடுவதாக இருக்க வேண்டும். கயிற்றால் கட்டவே கூடாது. வண்டி கவிழ்ந்தால் காலும் அதனோடு போகும்.

அடுத்தது சைலன்சர். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் அது வலப்பக்கம் உள்ளது. சூடான உலோகத்தில் கால் பட்டால் மற்றவர் கணத்தில் எடுத்துவிடுவார். உணர்வற்ற கால் அங்கேயே சாய்ந்திருக்கும். ஆழமான தீக்காயம் உண்டாக அதிக நேரம் வேண்டாம். ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கமாக இருக்கட்டும். சாலையில் செல்லும் வாகனங்களிலிருந்தும் அதுவே பாதுகாப்பு. சைலன்சருக்குத் தடுப்புத் தகடு பொருத்தச் சொல்லுங்கள். சுட்டுவிட்டால் குழாயில் ஓடும் தண்ணீரை இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மஞ்சள், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். வலிக்கவில்லையே என்று நாள் கடத்தாமல் அன்றே வாருங்கள்.

ரெக்ஸின் இருக்கை இன்னொரு பொறி. தொடர்ந்து அமர்வதால் பிட்டத்து எலும்பு முனைகளின் மேல் உள்ள தோலில் இரத்த ஓட்டம் தடைபட்டு, சாலையின் குலுக்கலும் வியர்வையும் சேர்ந்து அழுத்தப் புண் தோன்றும். அது ஆற மாதங்கள் ஆகலாம்; அத்தனை நாளும் வண்டியும் இல்லை, தறியும் இல்லை, கடையும் இல்லை. சக்கர நாற்காலிக்கு நாங்கள் பரிந்துரைத்த மெத்தையின் தன்மையுள்ள மெத்தையையே, நழுவாதபடி, இருக்கையிலும் பொருத்துங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, கைகளை ஊன்றி உடலைத் தூக்கியோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் அழுத்தத்தை நீக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் ஏறுமுன் இருக்கையை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் மனைவியோ அண்ணனோ தொட்டுச் சொன்னாலும் சரி.

மார்பின் நடுப்பகுதியிலும் அதற்கு மேலும் தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்குத் தனி எச்சரிக்கை. அவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்வை சுரப்பது குறைவு. கோடைப் பகலில் உடல் சூடேறி மயக்கம் வரலாம். சிறுநீர்ப்பை நிரம்பினாலோ குழாய் மடிந்தாலோ இரத்த அழுத்தம் திடீரென ஏறி, கடுந்தலைவலியும் முகத்தில் வியர்வையும் உண்டாகும். ஓட்டும்போது இவை தோன்றினால் உடனே நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, சிறுநீர்க் குழாயைச் சரிபார்த்து, உதவி கேளுங்கள். புறப்படுமுன் பையைக் காலி செய்வதை வழக்கமாக்குங்கள். உடலை நிமிர்த்தி உட்காரவே பட்டை கட்ட வேண்டியிருக்கிறது என்றால், இந்த ஸ்கூட்டர் அவருக்கு உரிய வாகனம் அன்று என்பதே எங்கள் கருத்து.

வலிப்பு கட்டுக்குள் வராதவர், பார்வை குறைந்தவர், தூக்கம் வரவழைக்கும் மருந்தைப் புதிதாகத் தொடங்கியவர் ஆகியோர் காத்திருக்க வேண்டும். இளம்பிள்ளை வாதம் கண்டு பல பத்தாண்டுகள் கழிந்தோருக்கு, வலுவாக இருந்த கையும் மெல்லத் தளரும் நிலை வருவதுண்டு. பிரேக்கை முழுதும் அழுத்தி விரல்கள் நடுங்காமல் பத்து எண்ணும்வரை பிடிக்க முடிகிறதா என்று நாங்கள் சோதிப்போம். முடியவில்லையெனில் பிரேக் பிடியை மாற்றலாம். ஓட்டுவதையே விட வேண்டும் என்பதில்லை.

சட்டத்திலும் ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது. ஊனமுற்றோருக்கெனவே வடிவமைத்துக் கட்டிய வண்டியை மட்டுமே பழைய சட்டம் ஏற்றது. மாற்றியமைத்த வண்டி அதில் சேரவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், மாற்றியமைக்கப்பட்ட வாகனத்தையும் அவ்வகையில் சேர்த்து, உரிமத்திலும் அதற்கு இடம் தந்தது. பட்டறையில் சக்கரம் பொருத்தியதோடு நின்றுவிடாமல், அம்மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுச் சான்றில் ஏற்றுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். அரசு வழங்கும் ஸ்கூட்டருக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரை அணுகலாம். அதற்குரிய மருத்துவச் சான்றுக்கு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள்.

வண்டி கைக்கு வந்த முதல் மாதம், ஒவ்வொரு நாள் மாலையும் ஒரு கைக்கண்ணாடியால் பிட்டம், குதிகால், கணுக்கால், கால்விரல் ஆகியவற்றைப் பாருங்கள், குடும்பத்தாரும் பார்க்கலாம். நம் தோல் நிறத்தில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ ஒரு பகுதி இருந்து, படுத்து அரை மணி நேரம் கழித்தும் அது மாறாவிடில், மறுநாள் வண்டியை எடுக்காமல் அந்தப் பக்கம் அழுத்தம் படாதபடி படுத்து, எங்களிடம் காட்ட வாருங்கள்.