உயிர் தப்பினால் போதுமா?



பாலிடெக்னிக் மலரில் மனநோய் பற்றிக் கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மோட்டார் சுற்றுகிறது என்பதால் மட்டும் அதை நாம் 'ஓ.கே.' செய்வதில்லை, லோடு கொடுத்துப் பார்க்கிறோம். மனுஷனுக்கும் அப்படி ஒரு டெஸ்ட் உண்டு. மருத்துவத்தில் அதை வாழ்க்கைத் தரம் என்கிறார்கள்.

கரையான்சாவடியில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். (அவரைக் கேட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.) காலையில் "நீதான்டா என் சொந்தத் தம்பி" என்பார். சாயங்காலம் நான் போன் எடுக்கவில்லை என்றால் "நீயும் என்னை விட்டுட்டல்ல?" என்று அழுவார். வேலைக்குச் சேர்வார், இரண்டே மாதத்தில் சண்டை போட்டு நின்றுவிடுவார். மனசு கொதித்தால் தன்னையே காயப்படுத்திக்கொள்வார். தெருவில் பாதிப்பேர் "நடிப்பு" என்றார்கள். மீதிப்பேர் மந்திரிக்கச் சொன்னார்கள். டாக்டர் சொன்ன பெயர் பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்.

'பார்டர்' எங்கிருந்து வந்தது? நியூரோசிஸ், சைக்கோசிஸ் என்ற இரண்டுக்கும் நடுவே எல்லையில் நிற்பவர்கள் என்று 1938-ல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்பவர் எழுதினார். அந்தக் கணக்கு இன்று செல்லாது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 9 அறிகுறிகளில் 5 நீண்ட காலமாக இருந்தால்தான் இந்த நோய். ஆகவே பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு நீங்களே பட்டம் கட்டிவிடாதீர்கள்!

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. பேச்சு வழிச் சிகிச்சைதான் முக்கியம். அதில் பேர்பெற்றது அமெரிக்காவின் மார்ஷா லினஹன் உருவாக்கிய டி.பி.டி. வாரம் ஒரு முறை தனியாகப் பேச்சு. இன்னொரு முறை குழுவாக வகுப்பு. நம்ம பிராக்டிகல் மாதிரியே வீட்டுப்பாடமும் உண்டு. சொல்லித் தருவது நான்கு: இந்த நொடியில் நடப்பதைக் கவனிப்பது, கொதிப்பைத் தாங்கிக் கடப்பது, உணர்ச்சியைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டு ஒழுங்குபடுத்துவது, உறவைக் கெடுக்காமல் வேண்டியதைக் கேட்பது. "உன்னால் முடிந்ததைத்தான் செய்கிறாய், ஆனாலும் நீ மாறவேண்டும்" என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் இதன் சூட்சுமம். லினஹனே 17 வயதில் மனநல மருத்துவமனையில் இருந்தவர். 2011-ல்தான் அதை வெளியே சொன்னார்.

இந்தச் சிகிச்சைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உயிர். அடுத்து, சிகிச்சைக்கு மட்டம் போடாமல் வருவது. மூன்றாவதுதான் வாழ்க்கைத் தரம், அதாவது வேலை, கடன், வீடு, உறவு. 1991-ல் வெளியான லினஹனின் முதல் ஆய்வில், சிகிச்சை பெற்ற பெண்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது, ஆஸ்பத்திரியில் படுத்த நாட்களும் குறைந்தன. ஆனால் மனச்சோர்விலும் நம்பிக்கையின்மையிலும் மற்ற சிகிச்சை பெற்றவர்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. மேரி ஸனரினி குழுவினர் 290 பேரைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 93 சதவீதம் பேருக்கு நோய்க்குறிகள் குறைந்தபட்சம் இரண்டு வருஷம் அடங்கியிருந்தன. நல்ல உறவு, நிலையான வேலை என்று சேர்ந்து கணக்குப் பார்த்தால் பாதிப்பேர்தான் தேறினார்கள். எனக்கு இந்த இடைவெளிதான் விஷயம். உயிர் தப்பிவிட்டார் என்று வீட்டில் நிம்மதியாகும் நாளில், அவருக்குப் பாதி வேலை பாக்கி இருக்கிறது.

அக்கா இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். ஒரு வருஷம் தாண்டிவிட்டது. கோபம் வருகிறது, வந்தால் முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்துவிட்டு "பத்து நிமிஷம் கழிச்சுப் பேசறேன்" என்கிறார். தனிமை மட்டும் இன்னும் போகவில்லை என்கிறார்.

வாழ்க்கைத் தரத்தை எப்படி அளப்பது? உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று கேள்வித்தாள் தயாரித்தபோது, உலகெங்கும் பல ஊர்களில் மக்களைக் கேட்டுத்தான் உருவாக்கியது. அதில் நம்ம மெட்ராஸும் ஒன்று! சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள். தூக்கம், கையில் காசு, நண்பர்களின் ஆதரவு, போக்குவரத்துகூட உண்டு. மெட்ரோ வேலை நடந்தபோது பூந்தமல்லி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், தண்டனை கிடையாது. பேச ஆள் வேண்டுமென்றால், 2022-ல் தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் 'ஸ்நேகா' அமைப்பும் இருக்கிறது. ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் மெஸ் பில்லுக்குப் பக்கத்தில் 14416-ஐ எழுதி ஒட்டியிருக்கிறேன், யாரும் கிழிக்காதீர்கள்.